மாமா கடை

ஒரு ஊர் நிதானமான ஊரா, அவசரக்குடுக்கையா என்று தெரிந்துகொள்ள மியூசியம், பீச் எல்லாம் சுற்ற வேண்டாம். டீக்கடைக்குப் போனால் போதும். நின்றுகொண்டு குடிக்கிறார்களா, உட்கார்ந்து குடிக்கிறார்களா, பாருங்கள்.

எங்கள் கொரட்டூரில் நின்றுதான் குடிப்போம். காலை ஏழரை மணிக்கு ஸ்டேஷன் பக்கம் கிளாஸைக் கையில் வாங்கும்போதே, ஒரு காது ஆவடியிலிருந்து வரும் லோக்கலுக்காகக் காத்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போகிறவர்கள் பைக்கை ஆஃப் பண்ணாமலே குடித்துவிட்டுப் பறப்பார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இருப்பதே ஆறுக்கு எட்டு இடம். பெஞ்ச் போட்டால் ரோட்டில்தான் போடணும். போதாக்குறைக்கு 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று ஒரு போர்டு. உட்காரவும் இடமில்லை, பேசவும் கூடாது என்றால் டீயை என்னதான் செய்வது? மூன்று நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும்.

இந்தப் பழக்கத்தோடு பினாங்கு போய் இறங்கினேன். மாப்பிள்ளைக்கு அங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. அதுவும் நம்ம எஸ்டேட் மாதிரிதான். எலெக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் ஊருக்குப் பதற்றமே இல்லை. சூரியனே லேட்டாகத்தான் வருகிறது. ஏழு மணிக்குத்தான் மெல்ல வெளுக்கிறது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. கடல் தாண்டியிருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். சூரியனிடம் யாரும் கேட்கவில்லை.

"வாங்க மாமா, மாமாக் கடைக்குப் போவோம்" என்றார் மாப்பிள்ளை. என்னைக் கிண்டல் பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். நிஜமாகவே அதுதான் பெயராம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கே 'மாமாக்' என்று பெயர். நம்ம 'மாமா'தான், மலாய்க்காரர் வாயில் ஒரு 'க்' சேர்த்துக்கொண்டுவிட்டது. அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் காவடி மாதிரி தோளில் தூக்கிப்போய் விற்றார்கள். அந்தக் கம்புக்கு 'கண்டார்' என்று பேர். அதனால் அந்தச் சாப்பாடு 'நாசி கண்டார்' ஆனது. நாசி என்றால் சோறு. மூக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

கடையில் ஒரு 'தே தாரேக்' வாங்கினோம். 'இழுத்த டீ' என்று அர்த்தம். நம்மூரில் ஆத்துவதைத்தான் அவர்கள் இழுப்பது என்கிறார்கள். கண்டென்ஸ்டு மில்க் போட்டு, மேலே ஒரு விரற்கடை நுரை. ஒரு டீயோடு எங்கள் பக்கத்து மேஜையில் ஒரு மலாய்ப் பெரியவரும் ஒரு சீனரும் ஒண்ணரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பில்லைக் கொண்டுவந்து நீட்டவில்லை. "வேற?" என்று முறைக்கவில்லை. ராத்திரி பன்னிரண்டுக்குப் பெரிய திரையில் ஃபுட்பால் ஓட, பையன்களும் பெண்களுமாகக் கூட்டம். இப்படிச் சும்மா கூடி உட்காருவதற்கு மலாயில் ஒரு தனி வார்த்தையே இருக்கிறது: 'லெப்பாக்'. மலேசியாவின் இந்தக் காலை உணவுப் பழக்கத்தை, பல இனத்தாரும் ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதை, 2024-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

குசலம் விசாரிப்பதும் சாப்பாட்டை வைத்துத்தான். மலாய்க்காரர் "சூடா மாக்கான்?" என்கிறார். சூடாக எதுவும் இல்லை. 'சாப்பிட்டாச்சா' என்று அர்த்தம். ஹொக்கியன் பேசும் சீனரும் அதையேதான் அவர் பாஷையில் கேட்கிறார். நம்மவர்கள் "பசியாறிட்டீங்களா?" என்கிறார்கள். எவ்வளவு அழகான வார்த்தை. நாம் அதை விட்டுவிட்டு 'டிபன் ஆச்சா'வுக்கு வந்துவிட்டோம்.

நாலாவது நாள் நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்த பையன், "ஊர்லேர்ந்தா சார்?" என்றான். அவன் ஊர் பரமக்குடி பக்கம். வந்து மூன்று வருஷம்.

"எத்தனை மணி நேர வேலை தம்பி?"

"பன்னெண்டு சார். கூட்டமா இருந்தா கொஞ்சம் கூட ஆகும்."

"நடுவுல உக்கார மாட்டியா?"

"சாப்புடுறப்ப உக்காருவேன் சார்." கண்ணால் மேலே காட்டினான். கேமரா.

பினாங்கு ஹில் பார்த்தாச்சா என்று கேட்டேன். நூறு வருஷமாக மலையேறும் ரயில் அங்கே ஓடுகிறது. நான் ரெண்டாவது நாளே போய் வந்துவிட்டேன். "இன்னும் போகல சார். லீவு கெடைக்கறப்ப தூங்கிடுவேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த மேஜைக்கு ஓடினான்.

அப்புறம் டீ இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். இறங்கியது, நன்றாகவே இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த ஊரின் நிதானத்தை என்னால் முழுசாக ரசிக்க முடியவில்லை. நாங்கள் எல்லோரும் ஒண்ணரை மணி நேரம் உட்காருவதற்காக, ஒருத்தன் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான்.

இதில் நம்மூர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, 2018-ல் வேலை நேரத்தில் உட்காரும் உரிமையைச் சட்டமாக வாங்கினார்கள். 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சட்டசபையில் ஒரு நாற்காலிக்காக நடந்த விஷயங்களில் உருப்படியானது இதுதான்.

ஊர் திரும்பிய பிறகு கடைக்குப் போனால் என் கண் தானாக கவுண்டருக்குப் பின்னால் போகிறது. பக்கத்தில் ஒரு துணிக்கடையில் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் புடவைக் கட்டு உட்கார்ந்திருந்தது. "அதை எடுத்து வெச்சிட்டு உக்காருங்கம்மா, நான் மெதுவா பார்க்கறேன்" என்றேன். அந்தப் பெண் முதலில் முதலாளியைத்தான் பார்த்தார். அவர் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துவிட்டார். அந்தப் பெண் உட்கார்ந்தார்.

நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. புடவை எடுக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.