கண்டி பஸ்ஸில் கம்பளை வரை

சிவனொளிபாதமலை ஏறி இறங்கியவர்கள் அடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், அந்த நாளை என்ன செய்வது என்ற பேச்சு கட்டாயம் வரும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை மிதித்த கால்களுக்கு இன்னொரு மலை வேண்டியிருக்காது. பழைய ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்பார்கள். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய பழைய ஊர்கள் என்றால் கண்டி, நுவரெலியா, கம்பளை மூன்றும்தான். முதல் இரண்டும் எல்லோர் வாயிலும் வரும். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. நான் அந்த மூன்றாவதைத்தான் சொல்வேன்.

சென்ற சீசனில் தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து சித்தப்பா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மலையகத்தில் வாழ்ந்தவர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் எழுபதுகளில் கப்பல் ஏறியவர் சித்தப்பா. பொறந்த மண்ணையும் மலையையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மகன், மருமகள், பேத்தியோடு வந்தார். மலை ஏறி முடித்தாயிற்று. மறுநாள் எங்கே போவது என்று அடுப்படியில் உட்கார்ந்து பேசினோம். மகனுக்குக் கண்டி, பேத்திக்கு நுவரெலியா.

கண்டியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. தலதா மாளிகையும், அதைச் சுற்றி நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்களும் நிற்கும் ஊர். அங்கிருந்து ஆண்ட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்தவன். கண்டி வாவியை வெட்டுவித்தவன் அவன்தான். 1815 இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832 இல் இறந்தான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் நல்லதண்ணியிலிருந்து பஸ்ஸில் போனால் போக வரப் பகலின் பெரும்பகுதி கரைந்துவிடும். மிஞ்சிய நேரம் மாளிகை வரிசையில் நிற்கவே சரியாக இருக்கும். கண்டிக்குப் போகிறவர் அங்கே ஒரு இரவாவது தங்க வேண்டும்.

நுவரெலியாவுக்கு ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை வழியாகப் போகலாம். வழியெல்லாம் அருவியும் தேயிலையுமாக, மூன்று வழிகளில் கண்ணுக்கு அழகான வழி அதுதான். ஆனால் ஊரின் கட்டடங்கள் வெள்ளைக்காரர்களின் இளைப்பாறலுக்காக எழுந்தவை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தனக்குக் கட்டிய மாளிகை, 1848 அளவில் சேமுவேல் பேக்கர் அமைத்த பண்ணை, 1873 இல் உருவான கிரகரி வாவி, 1876 இல் தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கிய ஹில் கிளப் என்று போகும் அந்த வரிசை. நாங்கள் துரை பங்களாக்களை அன்றாடம் பார்த்து வாழ்கிறவர்கள். சீதா எலிய கோயிலுக்காக நுவரெலியாவுக்குப் போகலாம். பழமைக்காகப் போக எனக்கு மனம் வரவில்லை.

இப்படித் தேர்ந்தெடுக்கும் சங்கடம் உலகத்தில் பல ஊர்களில் உண்டு. இத்தாலியில் புளோரன்ஸில் தங்குகிறவர்கள் மறுநாள் பீசாவா, சியெனாவா, லூக்காவா என்று யோசிப்பார்கள். எங்கே போனாலும் நான் பார்ப்பது இரண்டு விஷயம்தான். அந்த ஊரில் நடந்து பார்க்கக் குறைந்தது அரை நாளாவது கையில் மிஞ்ச வேண்டும். அந்த ஊரிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வியும் இருக்க வேண்டும்.

கம்பளையைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா வாய் திறந்தார். "கண்டி எங்கயும் போயிறாதுப்பா. நாங்க இந்தியாவுக்குப் போறப்ப கோச்சி கம்பளையில நின்னுச்சு. ஜன்னல் வழியா பாத்தேன். எறங்க முடியல. இந்தத் தடவ எறங்கிப் பாக்கணும்." ஹட்டனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கிய தலைமுறை அது. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். மஸ்கெலியாவைத் தாண்டும்போது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் கூடவே வரும். 1969 இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். சித்தப்பா அந்தப் பழைய நகரத்தில் கடைக்குப் போனவர். எந்தப் பக்கம் எந்தக் கடை இருந்தது என்று தண்ணீரைக் காட்டிப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஹட்டனில் கண்டி பஸ்ஸில் ஏறி, கம்பளைக்கு டிக்கெட் எடுத்தோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக இறங்கும் பாதை. நல்லதண்ணியில் பெய்யும் மழை மஸ்கெலி ஓயாவாகி, களனி கங்கையில் கலந்து, கொழும்புக் கடலுக்குப் போகிறது. ஹட்டனுக்கு இந்தப் பக்கம் இறங்கினால் தண்ணீர் மகாவலிக்குப் போய், மலைநாட்டைச் சுற்றி வளைந்து, திருகோணமலையில் கடல் சேர்கிறது. குளிர் குறைந்து, தேயிலை விட்டுப்போய், கமுகும் பலாவும் மிளகுக் கொடியும் தொடங்கும்போது கம்பளை வந்துவிடும்.

பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் நான்காம் புவனேகபாகு தலைநகரமாக்கிய ஊர் இது. இன்றைய கடைத்தெருவில் அரண்மனைச் சின்னம் எதுவும் கண்ணில் படாது. அந்தக் காலம் ஊருக்கு வெளியே, பேராதனைப் பக்கமாக உள்ள உடுநுவரைக் கிராமங்களில் நிற்கிறது. லங்காதிலக, கடலாதெனிய, எம்பெக்கே என்ற ஆலயங்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தூரத்தில்தான். வேன் ஒன்றைப் பேசிக்கொண்டால் அவசரமில்லாமல் மூன்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் லங்காதிலக போனோம். பன்ஹல்கல என்ற பாறையின் மேல், 1344 இல் எழுந்த செங்கல் விகாரை. எழுப்பித்தவர் மன்னனின் அமைச்சர் சேனாலங்காதிகாரர். கட்டியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஸ்தபதி ராயர். ஒரு பக்கம் புத்தர் சிலை. சுற்றிலும் விபீஷணனுக்கும் கணபதிக்கும் கந்தனுக்கும் சமன் தெய்வத்துக்கும் இடம். சமன் எங்கள் மலையின் காவல் தெய்வம். முந்திய நாள் உச்சியில் கும்பிட்டவரை மறுநாள் இங்கே கண்டதும் சித்தப்பாவின் மருமகள் திரும்பவும் கைகூப்பி நின்றார்.

விகாரைக்குப் பக்கத்துப் பாறையில் சாசனம் இருக்கிறது. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. விகாரைக்கு விடப்பட்ட காணிகளையும் தானங்களையும் சொல்லும் சாசனம். இன்றைய கண்ணுக்கு அந்த எழுத்து உடனே பிடிபடாது. தமிழ் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ஓரிரு எழுத்துகள் அடையாளம் சொல்லும். பேத்தி குனிந்து விரலை நீட்டி, தொடாமல், தனக்குத் தெரிந்த எழுத்தைத் தேடினாள். மலைநாட்டில் தமிழ் தேயிலைக் கூடையோடு வந்தது என்றே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு முன்பே ஒரு பௌத்த விகாரையின் காணிக் கணக்கைத் தமிழிலும் வெட்டி வைக்க வேண்டும் என்று இங்கே ஓர் அரசு நினைத்திருக்கிறது. அதைப் படிக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கள் பாட்டன்மார் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. எங்கள் பாட்டன்மார் வேறு வழியில், வேறு காலத்தில் வந்தவர்கள். இரண்டு மொழியும் ஒரே பாறையில் அருகருகே இருக்க முடிந்தது என்பதே எனக்குப் போதும்.

கடலாதெனியவும் அதே 1344 தான். கருங்கல் கட்டடம். கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பாச்சாரியின் கை. தூண்களையும் மேலே உள்ள விமானத்தையும் பார்த்து, "நம்ம ஊர் கோயிலுக்குள்ள வந்த மாதிரியே இருக்கு" என்றான் சித்தப்பா மகன். மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட இபின் பதூதா இலங்கையில் இறங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, எங்கள் மலையில் இரும்புச் சங்கிலி பிடித்து ஏறியதும் அதே ஆண்டுதான். அந்தச் சமயத்தில் சியெனாவில் பேராலயத்தைப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1348 இன் கொள்ளைநோயோடு அது அரைகுறையாக நின்றுபோனது. கம்பளையில் தொடங்கியவை முடிந்து, இன்றும் பூசையோடு இருக்கின்றன.

எம்பெக்கே கதிர்காமத் தெய்வத்தின் ஆலயம். மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். மேளக்காரர் மண்டபத்தின் மரத்தூண்களில் அன்னமும் இருதலைப் பறவையும் மல்லர்களும் பாலூட்டும் தாயும் செதுக்கியிருக்கிறார்கள். கூரையின் ஒரு கோடியில் 26 கைமரங்களை ஒரே மர ஆணி சேர்த்துப் பிடித்திருக்கிறது. கூடலூரில் தச்சு வேலை செய்யும் சித்தப்பா மகன் அந்த இடத்தை விட்டு நகர நேரமாயிற்று.

பகல் சோற்றுக்குக் கம்பளைக்கே திரும்பி, சிங்ஹபிட்டிய பக்கம் போனோம். ஜோர்ஜ் பேர்ட் தன் கோப்பித் தோட்டத்தை அங்கேதான் போட்டார். தமிழ்நாட்டிலிருந்து 14 குடும்பங்களை வேலைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. மலையகத்தார் அந்த ஆண்டை 1823 என்று நினைவுகூருகிறோம். அதன் 200 ஆவது ஆண்டில், 2023 இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் வந்த வழியில் மக்கள் நடந்தார்கள். சிங்ஹபிட்டியவில் இன்று பார்க்க வீடுகளும் பாதையும்தான். சித்தப்பா அந்தப் பாதையோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "இங்கதான் வந்தோம்னா, இத்தன வருசத்துல இங்க ஒரு துண்டு காணி நமக்கு இருந்திருக்கணுமே" என்றார்.

கம்பளையிடம் நான் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். 1344 இல் இந்த மலையில் காணி இன்னாருக்கு என்று தமிழில் பாறையில் வெட்டினார்கள். 1823 இல் தொடங்கி காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகள் இன்னும் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் காணிக்கு உறுதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். லயத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டுமான கேள்வியாக இதை நான் நினைக்கவில்லை. பாறையின் இரு மொழிகளையும் படிக்கக்கூடிய எல்லோருடைய கேள்வியும் இது.

ஆகவே மலை இறங்கி ஒரு நாள் மிஞ்சியவர்களுக்கு என் யோசனை இது. விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள். ஹட்டனில் கண்டி பஸ்ஸில் ஏறி, கம்பளையில் இறங்குங்கள். முழங்கால் மறைக்கும் வெளிர் நிற உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும், செருப்பைக் கழற்றித்தான் நடக்க வேண்டும். ஆகையால் லங்காதிலகவுக்கு முதலில் போங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். கண்டியையும் நுவரெலியாவையும் அவர்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எப்படியும் பார்த்துவிடுவார்கள். கம்பளையை நாம்தான் காட்ட வேண்டும்.