கரீபியன் கடல் தொடாத கரீபியன் நாடு

பிரேசிலிலிருந்து தகுட்டு நதிப் பாலத்தைக் கடக்கும் லாரிக்காரர் வலப்பக்கம் வருகிறார். கயானா கரையில் சாலை ஒன்றன் கீழ் ஒன்றாகப் புகுந்து அவரை இடப்பக்கம் கொண்டு விடுகிறது. 2009ல் திறந்த பாலம் இது. அந்தப் பக்கம் போர்ச்சுகீசியம். இந்தப் பக்கம் லெத்தம் ஊரில் அரசாங்கப் பலகைகள் ஆங்கிலத்தில். தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே சுதந்திர நாடு கயானா.

கரையைத் தொடுவது அட்லாண்டிக். ஆனாலும் கயானாக்காரர்கள் தங்களைக் கரீபியர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமின் தலைமைச் செயலகம் தலைநகர் ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. கிரிக்கெட் என்றால் வெஸ்ட் இண்டீஸ்தான். கன்ஹாய், லாயிட், சந்தர்பால் எல்லோரும் இந்த மண்ணின் பிள்ளைகள்.

வீட்டில் பேசுவது பள்ளிக்கூட ஆங்கிலமல்ல, கிரியோல். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களின் சந்ததியும், 1838 முதல் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் சந்ததியும் தேர்தலில் எதிரெதிர் முகாம். பேச்சில் மட்டும் ஒரே முகாம். போஜ்புரி பெரும்பாலும் தாத்தா பாட்டிகளோடு போய்விட்டது. மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களின் தமிழும் அப்படியே. மிச்சமிருப்பது காளி பூஜையும் அதில் முழங்கும் தப்பும்.

இப்போது பிரச்சினை மேற்கே. எஸ்ஸகிபோ பகுதி, அதாவது நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு, தனது என்கிறது வெனிசுவேலா. 2018ல் கயானா ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 டிசம்பரில் வெனிசுவேலா இதற்காகப் பொதுவாக்கெடுப்பே நடத்தியது. கயானா கடலில் 2015ல் எண்ணெய் கிடைத்ததை மறந்துவிட்டு இந்த அவசரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கேட்கப்படும் நிலத்தில் லெத்தமும் அடக்கம். அதே வெனிசுவேலாவின் வறுமைக்குத் தப்பி வந்தவர்களால் ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் ஸ்பானிஷும் காதில் விழுகிறது.