ரெண்டு கம்பெனி, ஒரே ரோடு

எங்க சேரன்மகாதேவியில ரோட்டைத் தோண்டினா தெருவுக்கே நெட் போயிடும். மும்பையிலும் அதே கதைதான் மக்களே!

2021 பிப்ரவரி 24, காலை 11.40. தேசியப் பங்குச்சந்தையில் வர்த்தகம் நின்றது. மெயின் சர்வர் மையத்துக்கும் பக்கத்து மாற்று மையத்துக்கும் நடுவே டேட்டாவை நகலெடுக்கும் லைன்கள் தடுமாறின. ரெண்டு டெலிகாம் கம்பெனி லைன்கள். பிறகு சந்தை சொன்ன காரணம்: வழியில் ரோடு தோண்டல். கூடவே ஸ்டோரேஜும் படுத்தது, ரிஸ்க் கணக்கு நின்றது. அன்றைக்கே விற்க வேண்டியவங்க தவிச்சாங்க. வர்த்தகம் திரும்பியது மாலை 3.45க்கு.

'இருக்கியா?' என்று சர்வர்கள் கேட்டுக்கொள்ளும் ஹார்ட்பீட்டுக்கும் லைன்தான் உயிர். எல்லாம் அறுந்தால் ஒவ்வொன்றும் மற்றது செத்ததாக நினைக்கும்.

பில் ரெண்டு வந்தால் பாதை ரெண்டு ஆகாது. கேபிள் எந்த ரோட்டில் போகுதுன்னு ஆடிட்டர் கேட்கணும்.