இன்றிரவு ஒன்பதரை மணிக்கு

ரேஸ்கோர்ஸில் காலை நடையை முடித்துவிட்டு நாங்கள் நான்கைந்து பேர் டீக்கடையில் உட்காருவது வழக்கம். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். போன வாரம் அவர்களில் ஒருவர், நூற்பாலையில் மேலாளராக இருந்தவர், கைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"ஏனுங்க, கேஸ் கனெக்சனுக்கு ஏதோ கேஒய்சி பண்ணோணுமாமா. இன்னைக்குள்ள பண்ணலைன்னா கட் பண்ணீருவாங்களாமா. ஒருத்தன் காலையில இருந்து மூணு தடவ கூப்பிட்டுட்டான். இந்த லிங்க்க அமுக்கச் சொல்றான்."

"அமுக்காதீங்க" என்று போனை வாங்கி அந்தச் செய்தியை அழித்தேன். சிலிண்டர் புத்தகத்தில் இருக்கும் ஏஜென்சி எண்ணுக்கு அவரையே கூப்பிடச் சொன்னேன். ஏஜென்சிப் பெண் சிரித்துக்கொண்டே, "நாங்க யாருக்கும் லிங்க் அனுப்பறதில்லீங்க" என்றாள்.

நண்பருக்கு உயிர் வந்தது. "உங்களுக்கு எப்படிங்க உடனே தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"பேப்பர்ல படிச்சேன்" என்றேன்.

அது பொய். அந்தப் பொய் ஒரு வாரமாக உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகும் எங்கள் பள்ளியில் எல்லாம் பிரெஞ்சு மொழியில்தான். எங்கள் முசே ஒருவர் வீட்டுப்பாடம் கொண்டுவராதவர்கள் வாயால் சொல்லும் காரணம் எதையும் ஏற்கமாட்டார். "லே பரோல் சான்வோல், லேசெக்ரி ரெஸ்த்" என்பார். பேச்சு பறந்துவிடும், எழுத்து நிற்கும் என்று அர்த்தம். அப்பாவிடம் எழுதி வாங்கிவர வேண்டும்.

பிறகு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்து, மாற்றலில் கோயம்புத்தூர் வந்து, பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண்ணைக் கட்டி, இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன். வேலையில் பாதிக் காலம் தபால் பிரிவு. வருகிற கடிதத்துக்கு எண் போட வேண்டும், தேதி முத்திரை குத்த வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பழைய கோப்போடு சேர்த்து மேலே அனுப்ப வேண்டும். கோப்பு எண் இல்லாமல், கையெழுத்து இல்லாமல் "அவசரம்" என்று மட்டும் போட்டு வரும் தாளை எங்கள் கண்காணிப்பாளர் தொடவே மாட்டார். "யார் அனுப்பினதுன்னு முதல்ல பாரு. அவசரத்தை அப்புறம் பாக்கலாம்" என்பார். முசே சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இரண்டும் வேறு என்பது 72 வயதில்தான் தெரிந்தது.

அதற்கு முன் 2019இல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

போனில் கூப்பிட்டு, "உங்க ஏரியாவுல இலவசமாத் தண்ணி டெஸ்ட் பண்றோம்" என்றார்கள். மதியம் கழுத்தில் டை கட்டிய இரண்டு பையன்கள் பெட்டியோடு வந்தார்கள். எங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு கண்ணாடி டம்ளரில், அவர்கள் கொண்டுவந்த ஃபில்டர் தண்ணீர் இன்னொன்றில். கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை இரண்டிலும் விட்டு ப்ளக்கைச் சொருகினார்கள். இரண்டே நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் சாக்கடை போலப் பழுப்பாகித் திரிந்தது. ஃபில்டர் தண்ணீர் அப்படியே இருந்தது. "இதைத்தானுங்கம்மா இத்தன நாளாக் குடிக்கறீங்க" என்றான் ஒருவன்.

எங்கள் குழாயில் வருவது சிறுவாணி. கோயம்புத்தூர்க்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், சிறுவாணியைச் சொல்லக்கூடாது. என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி அப்போது பத்தாம் வகுப்பு. அவள் உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து அவர்களுடைய ஃபில்டர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, "இப்ப வைங்க அண்ணா" என்றாள். அதுவும் பழுப்பாகிவிட்டது. பெட்டியை மூடிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

பேத்தி பிறகு விளக்கினாள். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் இயற்கையாக உள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு கரைந்து துரு நிறம் வருகிறது. ஃபில்டர் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதனால் மின்சாரம் ஓடுவதில்லை. நிறம் கம்பியிலிருந்து வருகிறதே தவிர, தண்ணீரின் அழுக்கு அல்ல. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு ஃபில்டர் தேவைப்படலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆனால் அதை ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்க வந்தவனே பரிசோதகனாகவும் இருக்கக்கூடாது.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் யாரையும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு வந்துவிட்டது. புத்திசாலித்தனம் பேத்தியுடையது, திமிர் மட்டும் என்னுடையது.

2022, ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. காற்று அடித்துக்கொண்டிருந்தது, மின்சாரம் போய்ப் போய் வந்தது. மாலை ஏழு மணிக்குக் கைபேசியில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. உங்கள் போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு ஒன்பதரை மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே எங்கள் மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரு கைபேசி எண்.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் ஃபிரிட்ஜில் இருந்தது. என் கண்ணுக்கு முன்னால் அது மட்டும்தான் வந்தது.

செய்தியின் ஆங்கிலம் தப்பும் தவறுமாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அதைப் பார்த்தே சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்கு ஆங்கிலம் அலுவலகத்தில் வந்து சேர்ந்த மொழி. நாங்களும் அப்படித்தான் எழுதினோம், அதனால் அசல் அரசாங்கக் கடிதம் போலவே இருந்தது. எழுத்தில் வேறு வந்திருக்கிறது. எழுத்து நிற்கும் என்று முசே சொல்லியிருக்கிறாரே!

அந்த எண்ணைக் கூப்பிட்டேன். மரியாதையான குரல். "பணம் கட்டிவிட்டீர்கள் சார், ஆனால் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. பத்து ரூபாய் மட்டும் கட்டினால் போதும், நான் உதவுகிறேன்" என்றான். அவன் சொன்ன இரண்டு செயலிகளை இறக்கினேன். ஒன்று என் திரையை அவனுக்குக் காட்டியது. இன்னொன்று எனக்கு வரும் குறுஞ்செய்திகளை அவனுக்கும் அனுப்பியது. இது பிறகு தெரிந்தது. பத்து ரூபாய் கட்ட அட்டை எண்ணை நானே அழுத்தினேன். நன்றி என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எட்டரை மணிக்குள் 25,000 ரூபாயும் 4,700 ரூபாயும் கணக்கிலிருந்து போயிருந்தன.

ஒன்பதரைக்கு மின்சாரம் போகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் என் முட்டாள்தனம் நன்றாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து கட்டுவதற்கு 20 நாள் அவகாசம். கட்டாவிட்டால் பகலில் ஆள் வந்து ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போவார். ராத்திரி ஒன்பதரைக்கு எந்த ஊழியர் வருவார்? 'போன மாதக் கட்டணம்' என்ற சொற்களிலேயே பொய் இருந்தது. முப்பத்தெட்டு வருடம் கடிதம் படித்துப் பிழைத்தவன் அதைப் படிக்கவில்லை.

இதைவிடப் பெரிய தப்பை அதற்குப் பிறகு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதுகிறவள், காய்க்காரம்மாவிடம் ஐந்து ரூபாய் விட்டுப்போனாலும் குறித்து வைப்பாள். அவளிடம் எப்படிச் சொல்வது? பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா, உங்களுக்கு எதுக்கு இந்த போன்?" என்பான். வங்கிக்குப் போனால் கவுண்டரில் இருக்கும் பெண் பரிதாபமாகப் பார்ப்பாள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்தேன். வெள்ளிக்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, இன்னும் 20,000 ரூபாய் போனது. செயலிகளை நான் அழிக்கவே இல்லை, அட்டையையும் நிறுத்தவில்லை. முதல் இரண்டு தொகையையும் அறியாமல் இழந்தேன், இந்த 20,000ஐ வெட்கத்தால் இழந்தேன்.

சனிக்கிழமை மதியம் மனைவி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ரெண்டு நாளா ஒழுங்காச் சோறு திங்கறதில்லை. என்னன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "காசு போனாப் போகுதுங்க. நான் என்னமோ டாக்டரு ஏதோ சொல்லிட்டாராட்ட இருக்குதுன்னு பயந்துட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல போலீசுக்குப் போனப் போடுங்க" என்றாள்.

1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டேன். பணமோசடிக்கென்றே நாடு முழுவதும் உள்ள எண் அது. அங்கே பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், அது வேறு கைக்கு மாறாமல் நிறுத்தப் பார்ப்பார்கள். மாறிவிட்டால் கஷ்டம். என் விஷயத்தில் பெரும்பகுதி மாறிப் போயிருந்தது. 4,700 மட்டும் எங்கோ நிறுத்தப்பட்டு நான்கு மாதம் கழித்து வந்தது. வங்கியில், ரிசர்வ் வங்கியின் 2017ஆம் வருடத்து விதியை எடுத்துச் சொன்னார்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் புகார் செய்யும்வரை அவர் பொறுப்பு. புகார் செய்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. அதாவது வியாழக்கிழமை ராத்திரியே சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமை போன 20,000 என் தலையில் விழுந்திருக்காது. என் வெட்கத்தின் விலையை அவர் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது நான் கடைப்பிடிப்பது எங்கள் கண்காணிப்பாளரின் விதியைத்தான். வந்த தாளில் இருக்கும் எண்ணை நம்பாமல் கோப்பில் இருக்கும் எண்ணைப் பார்ப்பது. கூப்பிட்டவன் யாராக இருந்தாலும், "சரிங்க, நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறேன். பழைய மரியாதைப் பழக்கத்தால் முதலில் இது கஷ்டமாக இருந்தது. உண்மையான அலுவலகம் கோபித்துக்கொள்ளாது என்று போகப் போகப் புரிந்தது. 'இப்பவே, லைன்லயே இருங்க' என்று பதறுகிறவன் எவனோ, அவன்தான் திருடன்.

எங்கள் வீட்டுக் கோப்பு ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம். பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. கேஸ் கசிவு என்றால் 1906. பணம் போனால் 1930. இவற்றுக்குக் கீழே கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண், வங்கி அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண், ஃபில்டருக்கும் ஏசிக்கும் வாரண்டி அட்டையில் உள்ள எண். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணைக் கூப்பிடுவதில்லை. போலி எண்களை அங்கேயும் போட்டுவைக்கிறார்கள்.

கேஸ் அடுப்பு செக்கிங் என்று ஆள் வந்தால் அடையாள அட்டையைக் கேட்போம். அட்டையை யாரும் அச்சடிக்கலாம் என்பதால் கேட்டைத் திறக்காமலே ஏஜென்சிக்குக் கூப்பிட்டு, ஆள் அனுப்பினீர்களா என்று கேட்போம். சிலிண்டர் வரும்போது போனில் வரும் எண்ணைச் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் மட்டும், சிலிண்டர் கண்ணுக்குத் தெரிந்த பிறகே சொல்வோம். நகைக்கு பாலிஷ் என்று வருகிறவனுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. பித்தளைச் சொம்பைப் பளபளப்பாக்கிக் காட்டிவிட்டு, தங்கத்தைக் கரைக்கும் திரவத்தில் சங்கிலியை முக்கி எடுப்பது அவர்களுடைய பழைய வித்தை. சங்கிலி மின்னும், எடை குறைந்திருக்கும்.

இதை எழுதி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இன்சுலின் வந்த இடத்தில் மட்டும், "அது வெளியில இருந்தாலும் ஒரு மாசத்துக்குக் கெடாதுங்க, அன்னைக்கே என்னைக் கேட்டிருக்கலாமுல்ல" என்றாள். மூன்று வருடம் கழித்து இது ஒரு புதுச் செய்தி.

நாளைக் காலை ரேஸ்கோர்ஸில் டீக்கு நான்தான் காசு கொடுப்பதாக இருக்கிறேன். டீ ஆறுவதற்குள் நண்பரிடம் சொல்லிவிட வேண்டும், நான் அதைப் பேப்பரில் படிக்கவில்லை என்று.