தோத்துட்டோம்மா

ஆட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் சமையலறைக் குழாயில் கிண்ணத்தை நிரப்பினார். பின்வாசல் கதவைத் திறந்து, நாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாய் செத்துப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. இண்டியானா மாநிலத்தின் லாஃபயெட் ஊர். வாபாஷ் ஆற்றுக்கு அக்கரையில் பர்டியூ பல்கலைக்கழகம், இக்கரையில் எங்கள் தெரு. அன்று ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் நடந்த கல்லூரிக் கூடைப்பந்து தேசியப் போட்டியின் முதல் சுற்றில், பர்டியூ 58-63 என்று ஃபேர்லி டிக்கின்சன் அணியிடம் தோற்றது. ஐந்தே புள்ளி. அந்த ஐந்து புள்ளியின் கனத்தைச் சொன்னால்தான் தண்ணீர்க் கிண்ணம் புரியும்.

முதல் சுற்றுக்கு 64 அணிகள். அவற்றை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பதினாறு வரை தரவரிசை போடுவார்கள். முதல் சுற்றில் ஒன்றாம் எண் அணி பதினாறாம் எண் அணியோடு ஆட வேண்டும். பேருக்குத்தான் ஆட்டம். 1985-இல் இந்தப் போட்டி 64 அணிகளாக விரிந்ததிலிருந்து 2018 வரை பதினாறாம் எண் அணி ஒன்றுகூட ஜெயித்ததில்லை. 2018-இல் பால்டிமோர் பக்கத்து அணி ஒன்று வர்ஜீனியாவை 74-54 என்று கவிழ்த்தது. இரண்டாவதாகக் கவிழ்ந்தது பர்டியூ.

கவிழ்த்தது யார் என்பதில்தான் பெரியவருக்கு ஆறவே இல்லை. ஃபேர்லி டிக்கின்சன் தன் சொந்த லீகின் கோப்பையையே ஜெயிக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் மெரிமாக்கிடம் ஒரு புள்ளியில் தோற்றிருந்தது. மெரிமாக் கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான முதல் பிரிவுக்கு அப்போது புதிதாக வந்த அணி, விதிப்படி தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. அந்த இடம் இவர்களுக்கு வந்தது. அதிலும் முதல் பிரிவின் 363 அணிகளில் இவர்கள்தான் ஆகக் குள்ளமான அணி. எங்கள் பக்கம் நின்றவன் ஸாக் ஈடி. டொராண்டோ பையன், ஏழடி நான்கு அங்குலம், அந்த ஆண்டு நாட்டின் சிறந்த ஆட்டக்காரன்.

எனக்கு பேஸ்கட்பால் அமெரிக்கா வந்து பிடித்த பைத்தியம் இல்லை. நான் பெரியகுளத்துக்காரன். கோடையில் அகில இந்தியப் போட்டி நடக்கும் ஊர். மாந்தோப்புக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் இரவு கோர்ட்டைச் சுற்றி உட்கார்ந்து, ரயில்வே அணிக்கும் வங்கி அணிக்கும் தொண்டை வற்றக் கத்துவார்கள். நடுவரைத் திட்டுவதற்கென்றே தேனியிலிருந்து வருகிறவர் ஒருவர் இருந்தார். ஆகவே 2014-இல் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில், பர்டியூவின் மேக்கி அரங்கத்துக்குள் என் கால் தானாகவே போனது. உள்ளே ஹீட்டர் ஓடும் என்பதும் ஒரு காரணம். பதினைந்தாயிரம் பேர் கொள்ளும் வட்டமான கட்டடம். கூரை கைதட்டலை விழுங்காமல் திருப்பித் தலையிலேயே கொட்டும். கத்தினேன், குதித்தேன். ஆனாலும் ஊருக்கு போன் பேசும்போது “பர்டியூ ஜெயிச்சாங்கம்மா” என்றுதான் சொல்லுவேன். படிப்பு முடிந்து, அதே ஊரில் வேலை கிடைத்து, வீடு மாறி வந்த பின்பும் அந்த “ஆங்க” என்கிற விகுதி மாறவில்லை.

அந்த வெள்ளி இரவு வீட்டுக்கு நடந்து வருகையில் அம்மாவின் அழைப்பு. பெரியகுளத்தில் சனிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும்.

“என்னப்பா, கொரலு ஒரு மாதிரியா இருக்கு?”

“தோத்துட்டோம்மா.”

“யாரு?”

“நாங்கதான். பர்டியூ.”

“நீ எப்பப்பா வெளையாடப் போன?”

அம்மா சிரித்தாள். பிறகு, “ஒங்கப்பாவும் இப்பிடித்தான். நம்மூரு டீமு தோத்துட்டா சாப்பாட்ட மூடி வையின்னுட்டு திண்ணையில போயி படுத்துக்கிருவாரு” என்றாள். ஒன்பது வருஷம் ஜெயித்தபோதெல்லாம் வராத “நாங்க” ஒரு கேவலமான தோல்வியில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று, ஜாக்கெட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் ஊர் முழுக்க ஒரே கேள்வி: அந்த உயரத்துக்காரனிடம் பந்தை ஏன் கொடுக்கவில்லை? ஈடி 21 புள்ளி எடுத்தான், 15 ரீபவுண்ட் பிடித்தான். ஆனால் ஆட்டம் கையை விட்டுப் போன கடைசி நிமிடங்களில் அவன் கூடையை நோக்கி எய்யவே இல்லை. கோச்சுக்கு மூளை இல்லை என்றார்கள். நானும் சொன்னேன், இரண்டு தடவை. திங்கட்கிழமைதான் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஈடிக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், பாஸ் வரும் வழியில் கையை ஆட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒருவன். குள்ளமானவர்கள் குனிந்து ஓடிப் பந்தைப் பறிக்கிறார்கள். பர்டியூ 16 தடவை பந்தைத் தொலைத்தது. ஈடியைச் சுற்றி இத்தனை பேர் நின்றால் வெளிவட்டத்தில் ஆள் காலியாகத்தான் இருப்பான், அவன் எய்தாக வேண்டும். எய்தார்கள். மூன்று புள்ளிக்கு 26 முறை எய்து, விழுந்தது ஐந்து. ஒரு நிமிடம் மிச்சமிருக்கையில் எதிரணியின் ஷான் மூர், அவனும் கொலம்பஸ் பையன்தான், தன் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு மூன்று புள்ளியை இறக்கினான். அவ்வளவுதான் ரகசியம். உள்ளே கொடுக்கவும் முடியவில்லை, வெளியே விழவும் இல்லை. ஆனால் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு இதை யாரிடம் சொல்வது? “பந்து விழலைங்க” என்றால் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைக்காதே.

அலுவலகத்தில் ஒருவர் பர்டியூ மேல் பந்தயம் கட்டிப் பணம் விட்டிருந்தார். இண்டியானாவில் 2019 முதல் அது சட்டப்படி செல்லும். அவர்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தினார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறியும் போனார். பணம் போன கோபம் அத்தனை சீக்கிரம் ஆறும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பெரியவருக்கு ஆறவில்லை. அவர் பர்டியூவில் படித்தவர் இல்லை. எஞ்சின் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் லேத் ஓட்டியவர். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மேக்கிக்குள் போனவர். ஒரு வாரம் கழித்து வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டே, நம் ஊரில் திதி சொல்வார்களே, அப்படித் தோல்விகளைச் சொன்னார். 1969: இறுதி ஆட்டம் வரை போய் யூ.சி.எல்.ஏ.விடம் 72-92. அந்த அணியின் கோச் ஜான் வுடன், பர்டியூவிலேயே ஆடிப் பட்டம் வாங்கியவர். வீட்டுப் பிள்ளை வந்து வீட்டையே அடித்த கதை. 2010: கோப்பைக்கு லாயக்கான அணி, ராபி ஹம்மலின் முழங்கால் போயிற்று. 2019: வர்ஜீனியாவிடம். ஐந்தாறு விநாடிதான் பாக்கி. தவறிய ஃப்ரீ த்ரோவை அவர்கள் தட்டிவிட, பந்து எங்கோ பின்னால் ஓடிற்று. ஒருவன் துரத்திப் பிடித்து நீளமாக வீச, இன்னொருவன் மணி அடிப்பதற்குள் போட்டுவிட்டான். கூடுதல் நேரத்தில் 75-80. அந்த வர்ஜீனியாதான் முந்தின ஆண்டு பதினாறாம் எண் அணியிடம் அவமானப்பட்டது. அந்தக் கறையை எங்கள் வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்க் கோப்பையையும் தூக்கியது. 2021-இல் பதின்மூன்றாம் எண், 2022-இல் பதினைந்தாம் எண். “இப்போது பதினாறு. இதற்குக் கீழே எண் கிடையாது, அது ஒரு நிம்மதி” என்றார். சிரிக்கவில்லை.

எனக்கு இன்றும் கொஞ்சம் கூச்சம் தருவது, யாரைத் திட்டினோம் என்பது. பந்தை ஓட்டிய பிரேடன் ஸ்மித், வெளியிலிருந்து எய்த ஃப்ளெச்சர் லோயர் இருவரும் முதலாண்டு மாணவர்கள். நம் ஊரில் முதலாண்டுப் பையன் அரியர் வைத்தால் அது வீட்டோடு போகும். இவர்கள் அரியர் வைத்ததை நாடே பார்த்தது. ஈடி கதை வேறு. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று வழி திறந்தது. ஆனால் ஈடி வெளிநாட்டு மாணவன், எஃப்-1 விசா. சக வீரர்கள் விளம்பரத்தில் காசு பார்த்தபோது, நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் அமெரிக்க மண்ணில் அதைத் தொட முடியாமல் நின்றான். நானும் அதே விசாவில் நூலகத்தில் புத்தகம் அடுக்கியவன். வாரத்துக்கு இருபது மணி நேரம், ஒரு நிமிடம் கூடினால் பயம். ஏழடி நான்கு அங்குலத்துக்கும் எனக்கும் ஒரே சட்டம். அவனைப் போய்த் திட்டினேனே.

ஒருவரும் ஓடிப்போகவில்லை. கோச் மேட் பெயின்டர் இருந்தார், ஈடி திரும்பி வந்தான், ஸ்மித்தும் லோயரும் இருந்தார்கள். அடுத்த ஆண்டும் ஒன்றாம் எண். முதல் சுற்றில் மறுபடி ஒரு பதினாறாம் எண் அணி, கிராம்ப்ளிங் ஸ்டேட். இண்டியானாபொலிஸில், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அந்த ஆண்டு பர்டியூ 1980-க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி நான்குக்குள் நுழைந்து, இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டிடம் 60-75 என்று தோற்றதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தத் தோல்விக்கு ஊர் அழுதது, ஆனால் தலை குனியவில்லை.

நான் சொல்ல வந்தது கிராம்ப்ளிங் இரவை. டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்றேன். பெரியவர் வர மறுத்துவிட்டார். வீட்டிலேயே, அதே சோபாவில், ஆனால் இடம் மாறி உட்கார்ந்தோம். போன வருஷம் நான் இருந்த மூலையில் இந்த வருஷம் அவர். அவர் மனைவி சோளப்பொரியைச் செய்துவிட்டு, போன வருஷமும் இதைத்தானே செய்தோம் என்று திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பர்டியூ அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடங்களில் இருபது புள்ளிக்கு மேல் முன்னிலை. ஈடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டம் 78-50 என்று முடியப்போகிறது. பெரியவர் தொப்பியைக் கழற்றவில்லை, முதுகைச் சாய்க்கவும் இல்லை.

“கண்ணாடி போடவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?” என்றார்.

“ஒன்றரை நிமிடம்.”

“நிறைய இருக்கிறதே,” என்று சொல்லிவிட்டு, முன்னால் நகர்ந்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். நானும் நகர்ந்துகொண்டேன்.