குழி தோண்டிப் படிக்க ஜெர்மனியா?

இலைச்சுருட்டுப் புழு, யூரியா, மானியம் என்றுதான் என்னிடம் கேள்விகள் வரும். போன மாதம் கணியம்பாடி வட்டாரத்து விவசாயி ஒருவர் கேட்டது வேறு. மகள் சுற்றுச்சூழல் அறிவியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்கிறாளாம். இருப்பதோ இரண்டரை ஏக்கர். “குழி வெட்டி மண்ணு பாக்கறதுதான் படிப்பாம் சார். அதுக்கு நிலத்தை அடமானம் வெச்சு அவ்ளோ தூரம் போவணுமா? இங்கியே நான் காட்டமாட்டனா?”

குழி வெட்டுவது உண்மைதான். அங்கே மாணவர்கள் வயலுக்கும் காட்டுக்கும் போய் இடுப்பளவு குழி எடுத்து, மண் அடுக்குகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதுவார்கள். ஈர மண்ணை விரலில் தேய்த்தே மணலா, வண்டலா, களியா என்று சொல்லப் பழகுவார்கள். கோவையில் நாங்களும் இதைச் செய்தோம். ஆனால் ஐரோப்பாவில் நீண்ட காலக் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் பண்ணையின் ஒரு வயலில் 1843 முதல் கோதுமை போட்டு, எந்தப் பகுதிக்கு என்ன உரம், என்ன விளைச்சல் என்று இன்றுவரை எழுதி வருகிறார்கள். பழைய மண்ணையும் தானியத்தையும்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட கணக்கின் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரியும். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கெடுத்திருந்தது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துச் சொன்னது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று எத்தனையோ பேர் சொல்லலாம். கோர்ட்டில் நிற்பது கணக்குதான். அதனால் அந்தப் பெண் படிக்கட்டும் என்பதே என் கட்சி.

நிலத்தை மட்டும் அடமானம் வைக்க வேண்டாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் சாப்பாடு, வாடகைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை வேண்டும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைப் பட்டியல் இனத்தவரோடு, நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இவருக்கு அது பொருந்தாது. வளரும் நாட்டினருக்கு ஜெர்மனியின் ‘டாட்’ அமைப்பு தரும் உதவித்தொகை இருக்கிறது. அதற்குப் பொதுவாக, பட்டத்துக்குப் பிறகு 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள்.

அந்த இரண்டு வருஷத்தை இங்கேயே களத்தில் கழிக்கலாம். நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் கட்டிய செறிவூட்டுக் கிணறுகள் நம் வட்டாரத்திலேயே உள்ளன. வேலை பார்த்துக்கொண்டே, அப்பா கிணற்றையும் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் மாதம் ஒருமுறை அளந்து, நீர்மட்டம், மின்கடத்துத்திறன், கார அமில நிலை மூன்றையும் தேதி போட்டு எழுதச் சொன்னேன். ஐரோப்பாவுக்கு நம் மண்ணை எடுத்துப்போக அனுமதி கிடையாது, நோட்டை எடுத்துப் போகலாம். கருவி இல்லாவிட்டால் பரவாயில்லை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் அலசிப் பிடித்து, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் போதும்.