சீயான் நகரிற் கண்ட கோபுரம்

சீனத்தின் பழந்தலைநகராகிய சீயானை வழிகாட்டியின்றிச் சுற்றிப் பார்த்தோம். மிங் அரசர் காலத்து நகர்மதிலின்மேல் வாடகைச் சைக்கிளில் ஏறக்குறைய 14 கிலோமீற்றர் வலம் வந்தோம். பின்னர் நிலத்தடி இரயிலேறிப் பெரிய காட்டுவாத்துக் கோபுரத்தை அடைந்தோம். யுவான் சுவாங் பாரதத்திலிருந்து 645ஆம் ஆண்டிற் கொணர்ந்த 657 நூல்களைப் பேணும்பொருட்டு 652இல் முதன்முதல் எழுப்பப்பெற்றது அது.

அதனடியில் நின்றபோது எம்முள்ளம் ஈழத்தை நாடிற்று. அப்பெரியார் காஞ்சிவரை வந்து, இலங்கையையும் காண விழைந்தார். ஆயின் இங்கிருந்து காஞ்சி சென்ற பிக்குகள், அரசன் இறந்தான், நாட்டிற் பஞ்சமும் குழப்பமும் மலிந்தன என்றுரைக்கவே, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். பாலையும் பனிமலையும் தடுக்கமாட்டாத அறிஞரை எம் நாட்டுக் கலகச் செய்தி தடுத்துவிட்டது! கலகத்தால் ஒரு நாடு இழப்பன உயிரும் பொருளும் மட்டுமல்ல. வாயில்வரை வந்த விருந்தினரையும் இழக்கின்றது. இளைய மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.